அவிழ்க்க முன் ஒருக்கால் பாருங்கள்: பின்னல், வளவு, குசினி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வன்னியில், விசுவமடுவில் எங்கள் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் நாலைந்து பேர் கூடுவோம். ஒருவர் கையில் நூலுருண்டை இருக்கும், இன்னொருவர் மடியில் ஆய்வதற்கு முருங்கைக்கீரை இருக்கும், அடுப்பில் யாருடையதோ ஒரு சட்டி இருக்கும். அங்கே வரும் கேள்விகளும் வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரப் பிள்ளைகள் போனில் கேட்கிற கேள்விகளும் அநேகமாக ஒன்றுதான். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை எழுதி வைத்தால் இரவில் தனியாக இருந்து பின்னுகிற ஒருத்திக்கு உதவும் என்று நினைத்தேன். பிழை வந்தவுடனே இழுத்து அவிழ்க்கவும், செடியைப் பிடுங்கவும், சட்டியைக் கவிழ்க்கவும்தான் கை போகும். பிழை எங்கே தொடங்கியது என்று முதலில் பாருங்கள் என்பதைத்தான் கீழே பல இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

இந்த வெக்கைக்குள் கம்பளி நூல் எதற்கு அக்கா?

கேள்வி நியாயமானது. வன்னியில் கம்பளிச் சட்டை தேவைப்படுவது மார்கழி, தை விடியற்காலையில் சில நாள்தான். நான் கம்பளியில் பின்னுவது அநேகமாகக் கனடாவுக்கும் நோர்வேக்கும் போகிறது. அங்கே பிறக்கிற எங்கள் பிள்ளைகளின் தலைக்கு ஊரில் இருந்து ஒரு தொப்பி போக வேண்டும் என்பது எனக்கு முக்கியம். மற்றபடி பருத்தி நூல்தான்: பானை பிடிக்கிற துணி, மேசை விரிப்பு, சந்தைப் பை.

எனக்குப் பழக்கியது அம்மம்மா. 1990களில் வன்னிக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலம். மண்ணெண்ணெய் பொன் போல. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச எண்ணெயும் விட்டு எரிக்கிற விளக்குத்தான் வீட்டுக்கு வீடு. அந்த வெளிச்சத்தில், ஒரு பழைய சுவெட்டரை அவிழ்த்த நூலில், சைக்கிள் சில்லுக் கம்பி இரண்டைக் கல்லில் தேய்த்து முனை மழுக்கி என் முதல் வரிசையைப் போட்டேன். அந்தக் கம்பி 2 மி.மீ. தடிப்புத்தான். அதனால் துணி பலகை மாதிரி இறுகி வந்தது. ஊசியின் தடிப்புக்கும் துணியின் மென்மைக்கும் உள்ள தொடர்பை நான் விளங்கிக்கொண்டது அப்படித்தான்.

தொடங்குவதற்கு என்னென்ன வாங்க வேண்டும்?

4 மி.மீ. ஊசி ஒரு சோடி, அந்தத் தடிப்புக்கு ஏற்ற நூல் ஒரு உருண்டை, ஒரு கொக்கி ஊசி. அவ்வளவும் போதும். எங்கள் பக்கத்து வியர்வைக்கு அலுமினிய ஊசியை விட மூங்கில் ஊசி நல்லது. அலுமினியத்தில் ஈரக் கை பட்டால் கண்ணி (ஊசியில் நிற்கிற நூல் வளையம்) ஒட்டிக்கொண்டு நகராது. நூலின் நிறம் முதல் தடவைக்கு வெளிர் நிறமாக இருக்கட்டும். கறுப்பு நூலில் பழகினால் எந்தக் கண்ணி எங்கே போனது என்று கண் கண்டுபிடிக்காது, அதுவும் மின்சாரம் போன இரவில்.

ஒரு கண்ணி விழுந்துவிட்டது. முழுக்க அவிழ்க்க வேணுமோ?

வேண்டாம். ஊசியைக் கீழே வையுங்கள். மூச்சை விட்டுவிட்டு விழுந்த இடத்தைப் பாருங்கள்.

விழுந்த கண்ணி கீழே ஒரு சின்ன வளையமாக நிற்கும். அதற்கு மேலே ஏணிப்படி போலக் குறுக்கு நூல்கள் தெரியும். எத்தனை வரிசை இறங்கியதோ அத்தனை படி. முதல் வேலை, அந்த வளையம் இன்னும் கீழே ஓடாமல் தடுப்பது. சட்டை ஊசி ஒன்றைப் போடலாம். நான் விளக்குமாற்றில் இருந்து ஒரு ஈர்க்கை உருவிக் குத்தி வைப்பேன். ஈர்க்கு மெல்லிசு, வழுக்காது, நூலையும் கிழிக்காது.

அப்புறம் துணியின் நேர்ப்பக்கம் உங்களைப் பார்க்கிற மாதிரித் திருப்புங்கள். நேர்ப்பக்கத்தில் கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சோளன் கதிர் மாதிரி அடுக்கியிருக்கும். கொக்கி ஊசியை வளையத்துக்குள் முன்னால் இருந்து பின்னுக்கு விடுங்கள். ஆகக் கீழே உள்ள படியைக் கொளுவி, வளையத்துக்குள்ளால் முன்னுக்கு இழுங்கள். இப்போது அந்தப் படிதான் புது வளையம். அதற்குள் அடுத்த படி. இப்படி மேலே வரைக்கும் ஏறி, கடைசி வளையத்தை இடது ஊசியில் திருகாமல் ஏற்றிவிடுங்கள். ஒரு படியைத் தவறவிட்டால் பின்பக்கத்தில் தொங்கிக்கொண்டு நிற்கும், ஆகவே முடித்ததும் துணியைத் திருப்பிப் பாருங்கள்.

முல்லைத்தீவுக் கரையில் வலை பொத்துகிறவர்களும் கண்ணி என்றுதான் சொல்கிறார்கள். ஒரு கண்ணி அறுந்தது என்று அவர்கள் வலையை எறிவதில்லை. என் மச்சாளுக்கு இதைச் சொன்ன பிறகுதான் அவளுக்குக் கண்ணி விழுந்தால் வருகிற பதற்றம் போனது.

நான் பின்னுகிற துணியின் கரை ஏன் சுருளுது?

ஒரு வரிசை நிட் (நேர்ப்பின்னல்), அடுத்த வரிசை பேர்ள் (எதிர்ப்பின்னல்) என்று மாற்றி மாற்றிப் பின்னுகிற துணியின் குணம் அது. நீங்கள் விட்ட பிழை இல்லை. அயன் பண்ணினாலும் திரும்பச் சுருளும். இரண்டு பக்கமும் நாலு நாலு கண்ணியை எல்லா வரிசையிலும் நிட்டாகவே விட்டு, தொடக்கத்திலும் முடிவிலும் ஆறு வரிசையை முழுக்க நிட்டாகப் பின்னினால் துணி தட்டையாக நிற்கும்.

பிறந்த பிள்ளைக்குத் தொப்பி: எத்தனை கண்ணி போட?

கண்ணி எண்ணிக்கையை வாய்ப்பாடாகக் கேட்காதீர்கள், கணக்காகக் கேளுங்கள். உங்கள் கை இறுக்கம் வேறு, என் கை இறுக்கம் வேறு. முதலில் அதே நூலில் ஒரு சின்னத் துண்டு பின்னி, நடுவில் 10 செ.மீ. அளந்து எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். 4 மி.மீ. ஊசியில் நடுத்தர நூலுக்கு 22 கண்ணி அளவில் வரும். பிறந்த பிள்ளையின் தலைச்சுற்று 34, 35 செ.மீ. தொப்பி இழுபட்டுப் பிடிக்க வேண்டும், ஆகவே 32 செ.மீ. போதும். 10 செ.மீ.க்கு 22 என்றால் 32க்கு 70. நான் 72 போடுவேன். உச்சியில் குறைத்துக்கொண்டு போகும்போது 72ஐ எட்டாகப் பிரிக்கலாம், தொப்பியின் உச்சி வட்டமாக அழகாகக் கூடும்.

ஆனால் பார்சலில் அனுப்புவதென்றால் பிறந்த அளவில் பின்னாதீர்கள். பார்சல் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும். மூன்று மாதத்தில் தலைச்சுற்று 40 செ.மீ. அளவுக்கு வந்துவிடுகிறது. என் தங்கச்சியின் பேத்திக்கு அனுப்பிய முதல் தொப்பி ஒரு நாளும் தலையில் ஏறவில்லை. இப்போது அது அவர்கள் வீட்டில் ஒரு பொம்மையின் தலையில் இருக்கிறது. இரண்டாவதை 84 கண்ணியில் பின்னினேன், அது ஒரு குளிர்காலம் முழுக்க உதவியது.

இன்னொன்று: கைக்குழந்தைக்குப் பொத்தான், முத்து ஒன்றும் வைக்காதீர்கள், பிய்த்து வாயில் போடும். கையுறை, காலுறையின் உட்பக்கத்தில் நூல் நுனி நீளமாக நிற்க விடாதீர்கள். பிஞ்சு விரலைச் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டம் நின்றுவிடும், பிள்ளை ஏன் அழுகிறது என்று தாய்க்கும் தெரியாது. நுனிகளைத் துணிக்குள்ளேயே ஓட்டித் தைத்துவிட்டு, உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

பானை பிடிக்கிற துணி பின்னினேன், தாச்சியில் உருகி ஒட்டிவிட்டது. என்ன பிழை?

நூல் அக்ரிலிக். பார்த்தால் கம்பளி மாதிரியே இருக்கும், விலையும் குறைவு, ஆனால் அது பிளாஸ்டிக் வகை. சூட்டுக்கு உருகும், உருகினது தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். எங்கள் வீட்டிலும் நடந்தது. மகள் வடை பொரித்த தாச்சியின் காதை, நான் ஆசையாகப் பின்னிக் கொடுத்த சிவப்புத் துணியால் பிடித்தாள். ஒரு கணத்தில் துணி குழைந்து நூல்நூலாக இழுபட்டது. நல்லகாலம், தாச்சியைக் கீழே வைத்துவிட்டுத்தான் கத்தினாள்.

அடுப்படிக்குப் பருத்தி நூல் மட்டும், அதையும் இரட்டையாகப் பின்னுங்கள். லேபல் இல்லாத நூல் என்றால் ஒரு சாண் நூலை வெட்டி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி எரிகிற மணத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். கம்பளி தலைமயிர் கருகுகிற மணம் தரும், நெருப்பை எடுத்தால் தானாக அணைந்துவிடும். அக்ரிலிக் உருகி, ஆறினதும் கல்லுப் போல ஒரு கறுத்த மணி நுனியில் நிற்கும்.

புட்டுப் பானையை அடிக்கடி எரித்துவிடுகிறேன். எப்படித் தவிர்ப்பது?

இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, ஏனென்றால் பதில் ஒரு சின்னச் சத்தம்.

நீத்துப்பெட்டியை (புட்டு அவிக்கிற ஓலைப்பெட்டி) வைத்த பிறகு பானைக்குள் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்க்க முடியாது. முதல் பெட்டி, இரண்டாம் பெட்டி என்று அவித்துக்கொண்டு போகும்போது தண்ணீர் வற்றிவிடும். காஸ் அடுப்பில் என்றால் நெருப்பை ஒரு அளவில் வைக்கலாம். 2022 இல் காஸ் தட்டுப்பாடு வந்து எல்லாரும் விறகுக்குத் திரும்பிய மாதங்களில் எங்கள் ஒழுங்கையில் எரியாத புட்டுப் பானை இல்லை. விறகு எரிய எரியத் தண்ணீர் நினைத்ததை விட வேகமாக வற்றியது.

அம்மம்மா செய்தது இது: அடிப்பானைத் தண்ணீருக்குள் கழுவின ஒரு நாணயக்குற்றியைப் போடுவார். தண்ணீர் கொதிக்கும்போது குற்றி அடியில் கிடந்து கடகடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் குறையக் குறையச் சத்தத்தின் தாளம் மாறும், வற்றப் போகும்போது நின்றுவிடும். நீங்கள் விறாந்தையில் இருந்து பின்னிக்கொண்டு இருக்கலாம், காது குசினியில் இருக்கும். சத்தம் நின்றால் எழும்புங்கள். குற்றி இல்லாவிட்டால் உடைந்த பீங்கான் துண்டும் சரி.

எரிந்துவிட்டதென்றால், செந்தழலாக இருக்கிற பானைக்குள் உடனே பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். மண்பானை வெடிக்கும், அலுமினியம் வளையும். ஆறவிட்டு, பழப்புளி கரைத்த தண்ணீரை ஊற்றி ஒரு இரவு வையுங்கள். காலையில் தும்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் அநேகமாக வரும். புட்டில் எரிந்த மணம் ஏறியிருந்தால் அது போகாது. தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு மறைக்கப் பார்த்திருக்கிறேன், சரிவரவில்லை. கோழிக்குப் போடுங்கள்.

புட்டு மா கட்டிகட்டியாக வருது.

தண்ணீர் கூடிவிட்டது. மா இன்னும் கொஞ்சம் தூவி, சுண்டின் (அரிசி அளக்கிற பேணி) விளிம்பால் கொத்துங்கள். கையால் பிசைந்தால் ரொட்டி மாவாகிவிடும்.

சொதி திரைந்தால் திருத்தலாமா?

திரைந்த தேங்காய்ப்பாலைப் பழையபடி ஆக்க முடியாது. ஆனால் ஊற்ற வேண்டாம். எண்ணெய் பிரிந்து நின்றால் கெடாத கறி எது என்று யோசியுங்கள்: புளி விட்ட மீன்குழம்பு, கத்தரிக்காய்க் குழம்பு. அதற்குள் சேர்த்துவிடுங்கள்.

அடுத்த முறைக்கு: வெங்காயம், பச்சை மிளகாய், கருவேப்பிலை எல்லாவற்றையும் இரண்டாம் பாலில் அவியுங்கள், அது கொதிக்கலாம். முதற்பாலைக் கடைசியில் விட்டு, அகப்பையால் துழாவிக்கொண்டே நின்று, விளிம்பில் நுரை கட்டும்போது இறக்குங்கள். தேசிக்காய் இறக்கின பிறகுதான், அதுவும் கொஞ்சம் ஆறவிட்டு. முதற்பாலை விட்டுவிட்டுப் போனை எடுக்கப் போகாதீர்கள். எங்கள் வீட்டில் திரைந்த சொதிகளில் அநேகமானவை வெளிநாட்டு அழைப்பு வந்த நேரத்தில் திரைந்தவை.

உப்புக் கூடின கறிக்குள் உருளைக்கிழங்கு போட்டால் உப்பை இழுக்குமாமே?

கிழங்கு தன் பங்குக்குக் குழம்பை உறிஞ்சும், அவ்வளவுதான். உப்பை மட்டும் தேடிப் பிடித்து இழுக்காது. கறியின் அளவைக் கூட்டுவதுதான் வழி: உப்பில்லாத தேங்காய்ப்பால், அவித்த பருப்பு, இன்னும் கொஞ்ச மரக்கறி. கூட்டின கறியில் பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.

கடலை விடிய விடிய ஊறியும் வேகவில்லை. கேத்தலுக்குள் வெள்ளைப் படை வேறு.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு. எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கடினம். அதில் உள்ள கல்சியம் பருப்பு, கடலையின் தோலை இறுக்கிப் பிடிக்கும், அதனால் மெதுவாகத்தான் அவியும். ஊறப்போடுகிற தண்ணீரில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டு, காலையில் அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு அவியுங்கள். சிட்டிகைக்கு மேலே போனால் சவர்க்கார ருசி வரும். மாரியில் பிடித்த மழைத்தண்ணீர் இருந்தால் அதுதான் எல்லாவற்றிலும் சிறப்பு. மூடி போட்டு வையுங்கள், நுளம்பு முட்டை இடும். கேத்தலுக்குத் தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ விட்ட தண்ணீரைக் கொதிக்க வைத்து ஒரு மணித்தியாலம் விடுங்கள், படை கழன்று வரும்.

செத்தல் மிளகாய் இடித்த கை எரியுது. எண்ணெய்ச் சட்டி பட்டுக் கையும் சுட்டுப்போச்சு.

இரண்டும் வேறு வேறு வைத்தியம், மாற்றிச் செய்யாதீர்கள். மிளகாய்க் காந்தல் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். முதலில் தேங்காய் எண்ணெய் பூசித் தேய்த்து, அப்புறம் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

நெருப்புச் சுட்டதற்கு எண்ணெய் கூடாது, பற்பசை கூடாது, மா கூடாது. காப்பு, மோதிரத்தை வீங்க முன் கழற்றிவிட்டு, சாதாரண ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். குழாய் இல்லாவிட்டால் கிணற்றடியில் ஒருவர் நின்று மெதுவாக ஊற்றட்டும். 20 நிமிடம் என்பது நீண்ட நேரம், இரண்டு நிமிடத்தில் கையை எடுத்துவிடுவோம், எடுக்காதீர்கள். பிறகு சுத்தமான துணியால் மூடுங்கள். காயம் உள்ளங்கையை விடப் பெரியது, முகத்தில் பட்டது, அல்லது சின்னப் பிள்ளை என்றால் 1990 என்ற இலக்கத்துக்குப் போன் எடுங்கள், அம்புலன்ஸ் வரும், காசு கேட்க மாட்டார்கள். தாச்சி எண்ணெயே தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். அடுப்பை நிறுத்தி, மூடியைப் போட்டு மூடுங்கள்.

வளவில் எதை எப்போது நடுவது?

வன்னியில் மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. முருங்கைத் தடி, வாழைக்குட்டி, தென்னம்பிள்ளை, வேலிக்குக் கிளிசரியாத் தடி எல்லாம் ஐப்பசி முதல் மழையோடு. முருங்கைத் தடி ஒரு மீற்றர் நீளம் இருக்கட்டும், மேல் நுனியில் சாணி அப்பினால் காயாது. கத்தரி, மிளகாய் நாற்றைக் கார்த்திகை மழைக்கு முன் தாழ்ந்த நிலத்தில் வைத்தால் வேர் அழுகும். பாத்தியை ஒரு முழம் உயர்த்தி வையுங்கள். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றபோது எங்கள் வளவில் தப்பியது உயர்த்திப் போட்ட இரண்டு பாத்தி மட்டும்தான்.

கிளிசரியாவை வேலியாக மட்டும் பார்க்காதீர்கள். 2021 இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்து கடையில் ஒன்றும் கிடைக்காத நேரத்தில் எங்கள் மரக்கறியைக் காப்பாற்றியது அந்த இலைதான். வெட்டிப் பாத்திக்குள் புதைத்தால் இரண்டு மூன்று கிழமையில் உக்கிவிடும்.

சோளகக் காற்றுக்கு எல்லாம் வாடுது. கிணறும் வற்றுது.

வைகாசி தொடங்கி ஆவணி வரைக்கும் சோளகம் (தென்மேற்குக் காற்று) மண்ணை உறிஞ்சிவிடும். தண்ணீரைக் கூட்டுவதை விட, விட்ட தண்ணீரைக் காப்பதைப் பாருங்கள். தென்னை, மாதுளை, தேசியைச் சுற்றிக் குழி வெட்டித் தேங்காய்ப் பொச்சு மட்டையை அடுக்கி மூடுங்கள். பொச்சு பஞ்சு மாதிரித் தண்ணீரைப் பிடித்து வைத்து மெதுவாக விடும். பாத்திக்கு மேலே வைக்கோல் அல்லது காய்ந்த சருகு, நாலு விரல் தடிப்புக்கு. ஒரு பழைய மண்முட்டியைக் கழுத்து வரை புதைத்து, தண்ணீர் நிரப்பி, சிரட்டையால் மூடி, சுற்றி நாலு கத்தரி வையுங்கள். முட்டியின் சுவர் கசிந்து வேருக்கே தண்ணீர் போகும். என் பாத்தியில் மூன்று நாளுக்கு ஒருக்கால்தான் நிரப்புகிறேன்.

குரங்கும் மயிலும் ஒன்றையும் விடுகுதில்லை.

நிரந்தரமான வழி ஒன்றை நான் கண்டதில்லை, அதனால் அவை அதிகம் தொடாததைக் கூடுதலாக நடுகிறேன்: மஞ்சள், இஞ்சி, கருவேப்பிலை, தேசி. பூசணி, பப்பாசி, பயிற்றங்காய் குரங்குக்குப் பங்கு போட்டுத்தான் எங்களுக்கு. மயில் கொத்துவது நாற்றை. முல்லைத்தீவுப் பக்கம் கழித்த பழைய வலை கிடைத்தால், கம்பு நட்டு இறுக்கி இழுத்துக் கட்டுங்கள். தளர விட்டால் சாரைப்பாம்பும் குருவியும் சிக்கிச் சாகும். சாரை எலியைப் பிடிக்கிற உங்கள் வேலையாள், அதைக் காப்பாற்றுங்கள்.

கத்தரிக் குருத்து தலை சாயுது, காய்க்குள் புழு.

செடியைப் பிடுங்காதீர்கள். குருத்துக்குள் புழு இருக்கிறது. சாய்ந்த இடத்துக்கு இரண்டு விரல் கீழே வெட்டி, பொலித்தீன் பைக்குள் கட்டி வெயிலில் போடுங்கள். குப்பைமேட்டில் எறிந்தால் அந்துப்பூச்சியாகித் திரும்பி வரும். ஒவ்வொரு காலையும் பாருங்கள், முதல் இரண்டு கிழமை விடாமல் வெட்டினால் காய் தப்பும். வேப்பம்விதைச் சாறு புழு உள்ளே போக முன் அடித்தால்தான் பலன்: 50 கிராம் வேப்பம்விதையின் உள்பருப்பை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு ஊறவிட்டு, வடித்து, துளி சவர்க்காரம் சேர்த்து, பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். வெயிலில் அதன் சக்தி போய்விடும்.

குழி வெட்டும்போது அலவாங்கில் இரும்பு தட்டுப்பட்டது. எடுத்துப் பார்க்கலாமா?

கூடாது, அது போர்க்கால வெடிபொருளாக இருக்கலாம். அலவாங்கை அப்படியே விட்டுவிட்டு, வந்த காலடியிலேயே திரும்பி வாருங்கள். பிள்ளைகளை வீட்டுக்குள் எடுங்கள். தூரத்தில் ஒரு கம்பு நட்டுத் துணி கட்டி அடையாளம் வையுங்கள். 119க்கும் (பொலிஸ் அவசர இலக்கம்) கிராம அலுவலருக்கும் சொல்லுங்கள். மிதிவெடி அகற்றிய காணியாக இருந்தாலும் இதைத்தான் செய்யுங்கள். முன்பின் வெட்டிப் பார்க்காத இடத்தில் குப்பைக்கு நெருப்பு வைக்கவும் வேண்டாம். கத்தரிக்கு வேறு இடம் இருக்கிறது.

பின்னின உடுப்பையும் மிச்ச நூலையும் எப்படி வைப்பது?

கம்பளியைச் சுடுதண்ணீரில் போட்டால் சுருங்கித் தடித்துவிடும், அதைத் திருப்ப முடியாது. கைபொறுத்த தண்ணீரில் அலசி, முறுக்காமல் துவாய்க்குள் சுருட்டி அமத்தி, சுளகில் விரித்து நிழலில் காயவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரப் பாரத்தில் நீண்டுவிடும். சுளகின் அடியால் காற்று போகும், துணி நேராகக் கிடக்கும்.

அட்டைப்பெட்டியை நிலத்தில் வைக்காதீர்கள், கறையான் ஒரு இரவில் ஏறும். பிஸ்கட் ரின்னில் போட்டு, நன்றாகக் காய்ந்த வேப்பிலை நாலு கொத்து. வியர்வை பட்ட கம்பளியைக் கழுவாமல் வைத்தால்தான் பூச்சி தேடி வரும்.

பழைய சுவெட்டரை அவிழ்த்தேன், நூல் முழுக்கச் சுருள் சுருளாக நிற்குது. இதில் பின்னலாமா?

இப்படியே பின்னினால் கண்ணி ஒன்று பெரிசு, ஒன்று சின்னன் என்று வரும். கதிரையின் முதுகில் நூலைச் சுற்றிச் சுற்றி ஒரு பெரிய வளையமாக்கி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டுங்கள். பிறகு புட்டு அவித்து முடிந்த பானையின் ஆவியில் வளையத்தைப் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள், நீத்துப்பெட்டி இருந்த வாயில் இப்போது நூல். இரண்டு மூன்று நிமிடத்தில் சுருள் இளகி நூல் கீழே நேராகத் தொங்கத் தொடங்குவது கண்ணுக்கே தெரியும். அக்ரிலிக் என்றால் ஆவிக்குக் கிட்டப் பிடிக்க வேண்டாம், வெறும் தண்ணீரில் நனைத்தால் போதும். அடியில் ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தலைக் கட்டித் தொங்கவிட்டு, காய்ந்த பிறகு உருட்டுங்கள்.

அம்மம்மாவுடைய அந்தச் சுவெட்டர் நூலில் ஒரு உருண்டை இன்னும் என் ரின்னில் இருக்கிறது, கடும்பச்சை. போன மாதம் அதை இப்படித்தான் ஆவி பிடித்தேன். 84 கண்ணி போட்டிருக்கிறேன், இப்போது ஒன்பதாவது வரிசை.